தண்ணீர் மணியும் சிவப்புத் துண்டும்

புளி போட்டுத் தேய்த்தது மதிவதனி. மணி அடிப்பது ஓவியா.

இதை நினைக்கும்போதெல்லாம் மதிவதனிக்கு வயிறு எரிந்தது.

அது பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் கறுத்துப்போய்க் கிடந்த ஒரு பித்தளைக் கைமணி. பிள்ளைகள் மறக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று முற்பகல், மதியம், பிற்பகல் மூன்று வேளையும் ‘தண்ணீர் மணி’ அடிக்கும்படி கல்வித்துறையிலிருந்து சொல்லியிருந்தார்கள். மணியாகத் தொங்கும் வழக்கமான தண்டவாளத் துண்டையே அதற்கும் அடித்தால் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் மூர்த்தி சார் பயந்தார். அதனால்தான் கைமணி.

ஏழாம் வகுப்பு மதிவதனி அதை வீட்டுக்கு எடுத்துப் போய், விரல் நுனி சுருங்கும்வரை தேய்த்தாள். மறுநாள் அது தங்கம் மாதிரி மின்னியது. வகுப்பாசிரியை ஆர்த்தி டீச்சர் அதில் முகம் பார்த்துத் தன் பொட்டைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

“சபாஷ் மதி!” என்றார். அடுத்த நிமிடமே, “இந்தா ஓவியா, இனிமே நீதான் மணி அடிக்கணும்” என்று கொடுத்துவிட்டார்.

ஓவியாவுக்கு! வேங்கிக்கால் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தவளுக்கு!

மதிவதனி டீச்சர் பின்னாலேயே போனாள்.

“டீச்சர், அதைத் தேச்சது நானு.”

“தெரியும் மதி. அந்தப் பொண்ணு புதுசு. யார்கூடயும் பேச மாட்டேங்குது. மணி அடிச்சா எல்லார்கூடயும் பழகிக்கும்.”

மதிவதனிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படிப்பது ஒரு தப்பா?

அன்றிலிருந்து ஓவியாவிடம் இருந்த எல்லாமே அவள் கண்ணை உறுத்தியது. ஓவியா ஆட்டோவில் வந்தாள். ஓவியாவின் அம்மா கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். எல்லாவற்றையும்விட, ஓவியாவிடம் ஒரு செம்புத் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியில் மயில் போட்டது. மதிவதனியிடம் இருந்ததோ பழைய ஜூஸ் பாட்டில். லேபிளைக் கிழித்தும் பசை போகாமல் கையில் ஒட்டும்.

போதாக்குறைக்கு ஆடிப் பௌர்ணமி வந்தது.

பள்ளிக்கூடமும் மதிவதனியின் வீடும் கிரிவலப் பாதையிலேயே இருந்தன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி நடக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். பாதை ஓரத்து வீடுகளுக்கெல்லாம் அன்று வியாபாரம். கூடப் படிக்கும் கோபி வீட்டில் சுண்டல். மதிவதனி வீட்டில்... கழிப்பறை. அவள் அம்மா கன்னியம்மாள் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ‘கழிப்பறை வசதி உண்டு’ என்று அட்டை தொங்கும். வருகிற பெண்கள் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வருவார்கள்.

மறுநாள் வகுப்பில் கோபி ஆரம்பித்தான்.

“ஏய் மதி, நேத்து உங்க வீட்டு வாசல்ல இன்னா கூட்டம்! எங்க சுண்டலுக்குக்கூட அவ்ளோ க்யூ இல்ல. டோக்கன் கொடுக்கச் சொல்லு உங்கம்மாவ!”

வகுப்பே சிரித்தது. மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவியா மட்டும் சிரிக்கவில்லை. ‘மனசுக்குள்ளே சிரிக்கிறா’ என்று மதிவதனி முடிவு கட்டினாள்.

அப்போதுதான் அந்த விஷயம் அவள் கண்ணில் பட்டது.

ஓவியா மணியடித்தாள். எல்லாரும் பாட்டிலைத் தூக்கினார்கள். ஓவியாவும் மயில் மூடியைத் திறந்து, பாட்டிலை வாயில் வைத்து அண்ணாந்தாள். ஆனால் தொண்டை அசையவே இல்லை!

மத்தியான மணிக்கும் அப்படியே. பிற்பகல் மணிக்கும் அப்படியே.

ஓவியாவின் இடம் சுவர் ஓரத்தில். அவள் பையைக் காலையில் உள்ளே தள்ளுவதும் சாயங்காலம் எடுத்துக் கொடுப்பதும் மதிவதனிதான். அன்று சாயங்காலம் பையைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் இருந்த அதே கனம். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

மதிவதனிக்கு அன்று இரவு சோறு ரொம்ப ருசியாக இருந்தது. ‘மணி அடிக்கிறவளே தண்ணி குடிக்கிறதில்ல டீச்சர்!’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ‘டீச்சர்’ என்பதை எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்தாள்.

மறுநாள் மதியம், சொல்வதற்கு முன்னால் ஓவியாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. தேடிக்கொண்டு போனாள். ஓவியா புங்கமரத்தடியில் அடிவயிற்றைப் பிடித்தபடி சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ தண்ணி குடிக்கிற மாதிரி நடிக்கிற. எனக்குத் தெரியும்.”

ஓவியா நிமிர்ந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

“டீச்சர்கிட்ட சொல்லப் போறியா?”

“ஆமா.”

“சொல்லிக்கோ. மணியையும் நீயே எடுத்துக்கோ. எனக்கு வேணாம்.”

இப்படிச் சுலபமாகக் கொடுத்துவிட்டால் எப்படிச் சண்டை போடுவது? மதிவதனிக்கு ஏமாற்றமாகிவிட்டது.

“ஏன்டி குடிக்க மாட்டேங்கிற?”

“குடிச்சா போகணும்ல?”

“எங்க?”

ஓவியா பெண்கள் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“போக வேண்டியதுதானே?”

“கதவுல தாழ்ப்பாள் இல்ல. வந்த புதுசுல ஒருநாள் போனேன். நான் உள்ள இருக்கிறப்ப யாரோ ஒரு சின்னப் பொண்ணு கதவைத் தள்ளித் திறந்துடுச்சு. வெளிய நின்ன எல்லாரும் பார்த்துட்டாங்க.” ஓவியாவின் குரல் இறங்கியது. “அதுல இருந்து குடிக்கிறதே இல்ல. வீட்டுக்குப் போய்தான் போவேன். இப்போ போறப்ப ரொம்ப எரியுது. நேத்து ராத்திரி ஜுரம் வேற.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

மதிவதனிக்குத் தாழ்ப்பாள் விஷயம் தெரியவே தெரியாது. அவள் மதிய இடைவேளையில் வீட்டுக்கே ஓடிப்போய் வந்துவிடுவாள்.

“மத்தவங்கல்லாம் எப்படிப் போறாங்க?”

“ரெண்டு ரெண்டு பேரா போவாங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் புடிச்சுக்குவா.”

“அப்போ நீயும்...”

“எனக்கு யாரு புடிச்சுக்குவா?”

ஒரு மாதமாக ஒரே பெஞ்சு. பையை வாங்கித் தள்ளியதைத் தவிர மதிவதனி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எழுந்திரு” என்றாள். “நான் புடிச்சுக்கிறேன்.”

மதிவதனி கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள். அவளைப் பார்த்ததும் மதிவதனியின் வாயிலிருந்து அம்மாவின் பௌர்ணமிக் குரல் அப்படியே வந்தது.

“ஆளிருக்கு! கொஞ்சம் பொறுங்கம்மா!”

அந்தப் பெண் பயந்துபோய், “சரிங்க” என்றாள். உள்ளேயிருந்து ஓவியா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரித்து மதிவதனி கேட்டது அதுதான் முதல் தடவை.

“இன்னைக்கே உங்கம்மாகிட்ட சொல்லிடு. எரியறதை, ஜுரத்தை, எல்லாத்தையும்” என்றாள் மதிவதனி, ஓவியா வெளியே வந்ததும்.

“டீச்சர்கிட்ட?”

“அதை நான் யோசிக்கிறேன்.”

வீட்டுக்குப் போயும் யோசித்தாள். தன் வீட்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி யோசித்தாள். அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. பௌர்ணமிக் கூட்டத்தில் எத்தனை தாழ்ப்பாள் போட்டாலும் பிய்ந்துவிடும். அதனால் அம்மா ஒரு கயிறு கட்டியிருந்தாள். உள்ளே போனவர்கள் கதவில் இருக்கும் கயிற்றை இழுத்துச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே ஓர் ஆணி. உள்ளே போகும்போது அதில் சிவப்புத் துண்டைத் தொங்கவிட வேண்டும். துண்டு தொங்கினால் ஆளிருக்கிறது என்று அர்த்தம். யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்தில் செய்தால் போதும். ஆனால், “எங்கே கத்துக்கிட்ட?” என்று கேட்பார்களே! கோபி அடுத்த பௌர்ணமி வரைக்கும் விடமாட்டானே!

மதிவதனி வெகுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அது அவள் தோளில் இருந்தது.

“வந்துட்டாங்கப்பா! இன்னைக்கு கிளாஸ்லயே கடையா?” என்றான் கோபி.

“ஆமா” என்றாள் மதிவதனி. “உங்க சுண்டலைத் துன்னுட்டு வர்றவங்கதான் எங்க வீட்ல க்யூவில நிக்கிறாங்க. கூட்டம் ஜாஸ்தின்னா நாங்க இன்னா பண்றது?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கோபியும் சிரித்துவிட்டான். வேறு வழி இல்லை.

அந்த நேரம் பார்த்து மூர்த்தி சாரும் ஆர்த்தி டீச்சரும் உள்ளே வந்தார்கள். மதிவதனி எழுந்து நின்றாள்.

“சார், மணி அடிச்சாலும் பொண்ணுங்க நிறையப் பேரு தண்ணி குடிக்கிறதில்ல.”

“யாரு அது?”

மதிவதனி யார் பெயரையும் சொல்லவில்லை. சுவர் ஓரத்திலிருந்து ஓவியா எழுந்தாள்.

“நான் சார். மணி அடிச்சிட்டு நானே குடிக்கிறதில்ல. பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல.”

பின்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. “நானும் கம்மியாதான் குடிப்பேன் சார்.” இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று. ஆர்த்தி டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தபடியே நின்றார்.

“இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டார். பிறகு அவரே, “நான் கேட்டிருக்கணும்” என்றார்.

மூர்த்தி சார் நெற்றியைத் தேய்த்தார். “பௌர்ணமிக்கு நடக்கிறவங்களுக்காக நம்ம கழிப்பறையைத் திறந்து விடுறோம். ரெண்டு தரம் தாழ்ப்பாள் போட்டாச்சு. ஒவ்வொரு தரமும் பிச்சு எடுத்துடுறாங்க. நான் இன்னாம்மா பண்றது?”

“தாழ்ப்பாளே வேணாம் சார். கயிறும் கொக்கியும் போதும். அறுந்தா வேற கயிறு கட்டிக்கலாம். வெளிய இந்தத் துண்டு.” மதிவதனி தோளிலிருந்த துண்டை எடுத்துக் காட்டினாள். “எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்க.”

“உங்கம்மாவை வரச் சொல்ல முடியுமா?”

கன்னியம்மாள் மதியமே வந்துவிட்டாள். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் கொக்கிகள், இடுப்பில் கயிற்றுச் சுருள். மூர்த்தி சார் ஆணி பிடித்தார். கன்னியம்மாள் அடித்தாள்.

“விரலு பத்திரம் சார். கொஞ்சம் தள்ளிப் புடிங்க. இன்னும் தள்ளி. பயப்படாதீங்க!”

வேலை முடிந்ததும் கன்னியம்மாள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“துண்டு தொங்குனா கதவைத் தொடக்கூடாது. வெளிய வரும்போது துண்டை எடுக்க மறக்கக்கூடாது. மறந்துட்டா அவ்ளோதான், உள்ள இருக்கிற பேய் எப்போ வெளிய வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டே இருப்பாங்க!”

கோபிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். “அக்கா, பசங்க பக்கமும் ஒண்ணு கட்டிக் கொடுங்கக்கா” என்றான்.

அடுத்த இரண்டு நாள் ஓவியா வரவில்லை. அவள் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். ஆர்த்தி டீச்சர் மணியை மதிவதனியிடம் கொடுத்தார்.

கடைசியில் மணி அவள் கைக்கே வந்துவிட்டது! மதிவதனி பலமாக அடித்தாள். ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் பாட்டிலைத்தான் பார்த்தார்கள். ‘ப்பூ! இதுக்கா வயிறு எரிஞ்சேன்?’ என்று நினைத்தாள். ஆனாலும் இன்னொரு முறை அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஓவியா வந்தாள். மதிவதனி மணியை அவள் முன்னால் வைத்தாள். கைக்கு மனசில்லை. மெதுவாகத்தான் விட்டது.

“மாத்திரை கொடுத்திருக்காங்க. தண்ணி நிறையக் குடிக்கணுமாம்” என்றாள் ஓவியா. “மணியை நாம மாத்தி மாத்தி அடிக்கலாமா? காலையில நீ, மத்தியானம் நான்.”

“அப்போ மூணாவது மணி?”

“அதுக்கு தினமும் சண்டை போட்டுக்கலாம்.”

மணி அடித்தது. ஓவியா பாட்டிலைத் தூக்கினாள். மதிவதனி தொண்டையைப் பார்த்தாள். மடக் மடக்கென்று அசைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஓவியா எழுந்தாள். மதிவதனியும் எழுந்தாள்.

“நீ எதுக்கு? அதான் கயிறு இருக்கே. துண்டு இருக்கே.”

“இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் மதிவதனி. “நான் சும்மா நிக்கிறேன்.”

சாயங்காலம் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மதிவதனி வழக்கம்போல ஓவியாவின் பையை எடுத்துக் கொடுத்தாள். எப்போதும்போல பாட்டில் கனம் இருக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கியதில், பை அவள் தலைக்கு மேலேயே போய்விட்டது.