மோரியில் நிற்காத தண்ணீர்

மே மாதத்து மதியம் இரண்டு மணிக்குத் தாராவியில் குழாயில் தண்ணீர் வராது. விடிகாலையில் ஒரு மணி நேரம் வந்தால் பெரிது. ஆனால் பானுமதியின் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் முழங்கால் உயரச் சுவர் வைத்த குளிக்கும் மோரியில், தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை குழாயை இறுக்கி மூடிவிட்டாள். நிற்கவில்லை.

காலையில் ராஜபாண்டி வந்துபோயிருந்தான். கணவன் வேல்ராஜின் சித்தப்பா, அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த பெரிய மனிதன். பெரிய மனிதனாம்! வேல்ராஜ் லாரியோடு நாசிக் போயிருந்தான், மாமியார் முத்துமாரி அத்தை மார்க்கெட்டில் இருந்தாள். கதவைத் தாழிட்டு, அவள் வாயைப் பொத்திச் சீரழித்துவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு போனான்.

பானுமதி ஆஸ்பத்திரியில் ஆயா. குளித்துவிட்டு வந்தாலும் புகார் கொடுக்கலாம் என்பது தெரியும். ஆனால் தடயமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதென்று டாக்டர் உதட்டைப் பிதுக்குவதையும் பார்த்திருக்கிறாள். அதனால் குளிக்கவில்லை, நைட்டியைக்கூட மாற்றவில்லை. அவன் போட்டிருந்த அத்தர் வாசனை இன்னும் கழுத்தில் இருந்தது. பொறுத்துக்கொண்டாள்.

அத்தை முத்துமாரி வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, தலைக்கு ஊத்து. எல்லாம் போயிரும்.”

“போவாது அத்தே. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“இந்த வீடு அவன் பேர்ல இருக்கு. நாம எங்க போவோம்? ஊர் வாய மூட உலைமூடி உண்டா? அவன ஒருத்தனும் கேக்க மாட்டான். உன்னத்தான் நாறடிப்பானுவ.”

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் பானுமதிக்கு ஆத்திரமாக வந்தது.

தண்ணீர் மோரிச் சுவரைத் தாண்டித் தரையில் படர்ந்தது. வளைந்து அவள் பாதத்தை நோக்கி வந்தது. சாக்கடைத் துளையிலிருந்து நீள நீளமாகத் தலைமுடி மேலே வந்தது. கறுப்பு. நரை. ஒரு சிறுமியின் ரிப்பன் கட்டிய பின்னல்.

“நானும் ஊத்துனேன் தாயி,” என்றாள் அத்தை. “முப்பது வருசம். அவனோட அண்ணன்மாருக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிரும்னு ஊத்துனேன்.”

அவள் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்த வெயிலில்.

பானுமதி அவளைத் தாண்டி வெளியே வந்தாள்.

சந்தில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லா வாசலிலும் ஈரத் தலையோடு பெண்கள். “ஊத்திரு, ஊத்திரு” என்று முணுமுணுத்தார்கள். ஒரு கை நைட்டியைப் பிடித்தது. சில்லென்ற கை. உதறினாள். இன்னொரு கை. அதையும் உதறினாள்.

“விடுங்க! நான் என்ன தப்பு பண்ணினேன்?”

கைகள் விட்டன. பின்னால் காலடிகள். சளக். சளக். அவள் ஓடவில்லை. மெயின் ரோட்டைக் கடந்து ஸ்டேஷன் படி ஏறினாள்.

மேசையிலிருந்த பெண் போலீஸ் நிமிர்ந்து, அவளுக்குப் பின்னால் பார்த்தாள். பேனா நழுவியது. இத்தனை பேரும் உன்னோடு வந்தவர்களா என்று இந்தியில் கேட்டாள்.

“எழுதுங்க மேடம். முதல்ல என் பேரு.”

பானுமதி திரும்பினாள். ரோட்டின் அந்தக் கோடிவரை நனைந்த தலைகள். முன்னால் அத்தை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். முதலில் தண்ணீர் கொட்டியது. படிகளில், மேசைக்கடியில், முழங்கால்வரை. அது வடிந்த பிறகு, ஆண்களின் பெயர்கள் வரத் தொடங்கின.