கையைத் தூக்கியவன் யார்?

"ஐயோ... யாராச்சும் ஓடி வாங்களேன்!"

அலறல், கால்பந்து கிளப்பின் பிசியோ அறையிலிருந்து வந்தது.

முதலில் ஓடி வந்தவர் உதவிப் பயிற்சியாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரே விசில்தான். பழைய டிஃபெண்டர். ஆட்டத்தை அவர் விட்டு வெகுகாலமாகியும், ஆட்டம் அவரை விடவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தார். உறைந்தார்.

மசாஜ் மேஜைக்குக் கீழே, தலைமைப் பயிற்சியாளர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். சுவரோரமாக லாண்டரி அக்கா, துவைத்த ஜெர்ஸிக் கூடையை மார்போடு அணைத்தபடி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

தரையில் ஒரு பித்தளைக் கேடயம். ஒரு முனை நசுங்கியிருந்தது. அதில் அழகான எழுத்துகள்...

'எங்கள் கோட்டையைக் காத்த சுவருக்கு, அன்புடன்.'

சுவர்!

அந்த கிளப்பின் டிஃபெண்டர். பதினேழு வருட ஆட்டம். இரண்டு முறை உடைந்த மூக்கு. வாழ்நாளில் அடித்த கோல்... பூஜ்யம். அன்று மாலை அவருக்குக் கடைசி மேட்ச். அதன் முடிவில் மேடையேற்றித் தருவதற்காக வைத்திருந்த கேடயம்தான், முன்கூட்டியே பயிற்சியாளரின் மண்டையில் இறங்கியிருந்தது!

ஆம்புலன்ஸ் வந்தது. உயிர் இருக்கிறது, நினைவு இல்லை என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனது.

அடுத்து போலீஸ் ஜீப்.

இறங்கிய பெண் இன்ஸ்பெக்டருக்குக் கால்பந்து பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது உருண்டையாக இருக்கும்.

விசாரித்ததில் அரை மணிக்குள் எல்லாம் வெளியே வந்தது. காலையில் ஒட்டிய அணிப் பட்டியலில் சுவரின் பெயர் இல்லை. கடைசி மேட்சிலும் வெளியே! சுவர் பயிற்சியாளரின் அறைக்குப் போய்க் கத்தியிருக்கிறார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக மூன்று பேர் சொன்னார்கள்.

சுவரைக் கூட்டி வந்து எதிரே உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டர்.

"சண்டை போட்டது நீங்க. அடி விழுந்தது உங்க கேடயத்தால. இதுக்கு மேல நான் துப்புத் துலக்கினா அது ஓவர்டைம் சார்."

"மேடம், கத்தினேன். ஒத்துக்கறேன். அவரு 'சாயந்தரம் ஒரு விஷயம் சொல்றேன், பொறு'ன்னாரு. நான் பொறுக்காம கேன்டீன்ல போய் உக்காந்துட்டேன்."

"யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கல. நான் டிஃபெண்டர் மேடம். ஃபார்வர்டு ஒரு கோல் போட்டா ஊரே பார்க்கும். நாங்க நூறு கோலைத் தடுத்தாலும் எவனும் பார்க்க மாட்டான். ஒண்ணை விட்டுட்டோம்னா மட்டும் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவான்."

கான்ஸ்டபிள் குனிந்து சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்தார். சிரிப்பு உள்ளே போனது.

சுவர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு என் பொண்ணு வருது மேடம். ஹாஸ்டல்ல படிக்குது. அப்பா ஆடி அது நேர்ல பார்த்ததே இல்ல. கடைசி ஆட்டத்துல என்னை விலங்கோட பார்க்க வச்சிடாதீங்க."

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார். லாண்டரி அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா, விசில் நீட்டிய டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு ஆரம்பித்தாள். கூடையோடு அவள் உள்ளே நுழைந்தபோது, முகம் முழுக்க டவல் சுற்றிய ஒருவன் கேடயத்தோடு நின்றானாம். என்ன செய்வதென்று தெரியாமல், அவனைத் தாண்டி அந்தப் பக்கத்து மூலைக்கு ஓடினாளாம்.

"துரத்தினானா?"

"இல்லம்மா. கேடயத்தைப் போட்டுட்டு... இப்படி வலது கையத் தூக்கினான்." அவள் கையை விறைப்பாக உயர்த்திக் காட்டினாள். "அப்படியே பக்கவாட்டுல திரும்பி யாரையோ தேடினான். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போக பர்மிஷன் கேப்பாங்களே, அந்த மாதிரி. அப்புறம் பின்கதவு வழியா ஓடிட்டான்."

"கொல்ல வந்தவன் எதுக்கும்மா கையத் தூக்கணும்?"

யாருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சுவரின் செல்போன் அலறியது.

மனைவி!

ஸ்பீக்கரில் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். உங்கள் வீட்டுக்காரர் சந்தேகத்தில் இருக்கிறார் என்று விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"கையத் தூக்கினானா?" மறுமுனையில் குரல் துள்ளியது. "மேடம், அது டிஃபெண்டர் புத்தி! எவனாவது தாண்டி ஓடிட்டா உடனே கை மேல போயிடும். ஆஃப்சைடு, ஃபவுல் குடுன்னு கொடி வச்சிருக்கற லைன்ஸ்மேனைப் பார்ப்பாங்க. எங்க வீட்டுல எங்கம்மா ஃப்ரிட்ஜ் பக்கம் போனாக்கூட இவர் கையத் தூக்குவாரு!"



சுவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸை முடிச்சுக் குடுத்துட்டாங்க."

"அடியே..." என்றார் சுவர், போனைப் பார்த்து.

சட்டென்று நிமிர்ந்தார்.

"மேடம், நான் ஒருத்தன்தான் டிஃபெண்டரா? இன்னும் மூணு பேர் இருக்காங்க. அக்கா சொன்னது இந்த ரூமைத் தாண்டி வெளிய போகல. அவங்களை வழக்கம்போல பிராக்டீஸ் பண்ண விடுங்க. ஒரு ஃபார்வர்டு அவங்களைத் தாண்டி ஓடட்டும். கை தானா எந்திரிக்கும். இங்க கையத் தூக்கி மாட்டிக்கிட்டவன் மட்டும்தான் அடக்கிக்குவான்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "சரி. ஒரே ஒரு தடவை."

மைதானம்.

மூன்று டிஃபெண்டர்களும் வரிசையாக நின்றார்கள். விசில் எல்லைக்கோட்டருகே நின்று ஊதினார். பந்து தூக்கி உதைக்கப்பட்டது. அதுவரை டிஃபெண்டர்களைத் தாண்டாமல் நின்ற ஃபார்வர்டு, உதைத்த பிறகே ஓடினார். சுத்தமான ஓட்டம். ஆஃப்சைடுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

ஆனாலும்...

ஒரு கை எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவதும் எழுந்தது!

மூன்று பேரும், இல்லாத லைன்ஸ்மேனைத் தேடிப் பரிதாபமாகப் பக்கவாட்டில் திரும்பினார்கள்.

"மூணு பேரும் சுத்தம்." இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார். "மிச்சம் நீங்கதான் சார்."

சுவர் கையை நீட்டினார். குளிர்ந்த இரும்பு மணிக்கட்டில் பட்டது. அவர் பார்வை மட்டும் மைதானத்தை விட்டு அகலவில்லை. கடைசி முறையாக ஒரு நோட்டம்...

அந்த நோட்டம் எல்லைக்கோட்டில் இடறி நின்றது.

"மேடம், ஒரு நிமிஷம்." குரல் தணிந்திருந்தது. "விசில் அண்ணே... உங்க கை எங்கண்ணே?"

விசில் திடுக்கிட்டார். அவருடைய இரண்டு கைகளும் டிராக்சூட் பாக்கெட்டுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தன.

"என்னடா கேள்வி இது?"

"தினம் பிராக்டீஸ்ல முதல் கை உங்களுதுதான். நேத்து கேன்டீன்ல சமையல்காரர் தட்டோட தாண்டிப் போனதுக்கே தூக்கினீங்க. இன்னைக்கு ஏன் தூக்கல?"

விசில் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் பஞ்சரானது.

"அவன் ஆஃப்சைடே இல்லையேடா. எதுக்குத் தூக்கணும்?"

சுவரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அண்ணே... ஆஃப்சைடா இல்லையான்னு பார்த்துட்டுக் கையத் தூக்கற டிஃபெண்டர், இந்த உலகத்துல எவன்ணே இருக்கான்?"

விசிலின் முகம் வெளுத்தது.

மறுகணம்... ஓட்டம்!

கேட்டை நோக்கிப் பறந்தார். கான்ஸ்டபிள் தொப்பியைப் பிடித்துக்கொள்வதற்குள், ஒரு கையில் மட்டும் விலங்கு தொங்க, சுவர் பாய்ந்தார். புல்தரையில் படுத்தபடி வழுக்கிக்கொண்டே போய், காலுக்குக் குறுக்கே காலை நீட்டினார்.

தடால்!

"ஃபவுல்..." என்று முனகினார் விசில், மண்ணைத் துப்பியபடி.

அப்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன். பயிற்சியாளருக்கு நினைவு திரும்பிவிட்டது! முதுகுக்குப் பின்னால் வந்தவனை அவர் பார்க்கவில்லை. ஆனால் காலையில் விசிலிடம் அவர் சொன்னது நினைவிருந்தது. நாளையிலிருந்து உதவிப் பயிற்சியாளர், சுவர்! முழங்காலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்றுதான் அவரை மேட்சிலிருந்தே எடுத்திருந்தாராம். சாயந்தரம் சொல்ல இருந்த விஷயமும் அதுதான்.

"பதவி போகுதேன்னு கண்ணு மண்ணு தெரியல," என்றார் விசில், தரையைப் பார்த்து. "கேடயம் கைக்கு வாட்டமா இருந்துச்சு. அடிச்சாப் பழியும் அவன் மேல விழும்னு தோணிச்சு."

பயிற்சியாளர் சுவரிடம் போனில் ஒரே வரிதான் பேசினார்.

"முழங்கால் கெடக்குது, இன்னைக்கு ஆடுடா."

மாலை.

ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சுவரின் மகள். அடுத்த நாற்காலியில் மனைவி. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும். கேஸ் முடிந்தும் போக மனசில்லை.

எதிரணி ஆள் ஒருவன் சுவரைத் தாண்டிப் பாய்ந்தான். சுவரின் கை விருட்டென்று எழுந்தது. மகள் துள்ளிக் குதித்துத் தானும் கையைத் தூக்கினாள்.

இன்ஸ்பெக்டரின் கையும் மேலே போயிருந்தது!

கான்ஸ்டபிள் மிரண்டார். "மேடம்... அது ஆஃப்சைடா?"

"யாருக்குய்யா தெரியும்? கேள்வி கேக்காம நீயும் தூக்கு. தூக்காதவனைத்தான் நான் உள்ள வச்சிருக்கேன்."