படகுக்கு ஒரு பங்கு

மீன் ஏலம் முடிந்து காசு வந்ததும் கடலுக்குப் போன ஆட்கள் ஆளுக்கொரு பங்கை வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகப் படகு தன் பங்கை வாங்கிக்கொண்டு, "சரியா வந்துட்டு, சம்மாட்டி" என்றது.

தஸ்நேவிஸ் தலையை ஆட்டிவிட்டு இருமினார். இருமல்தான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. படகு பேசியதோ, பங்கு வாங்கியதோ அந்தக் கரையில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

பிடித்த மீனில் ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது அங்கே காலங்காலமாக உள்ள வழக்கம். படகின் பங்கை அதன் சொந்தக்காரரான சம்மாட்டி எடுத்துக்கொள்வார். படகுக்குத்தான் வாயும் கிடையாதே, வயிறும் கிடையாதே! பிறகு படகுகளுக்கு வாய் வந்தது. ஒவ்வொன்றின் முன்முனையிலும் யோசிக்கவும் பேசவும் தெரிந்த ஒரு படகறிவைப் பதித்தார்கள். அதிலிருந்து கிளம்பிய உணர்விழைகள் வேர் பிடித்த மாதிரி படகின் ஓடு முழுக்கப் பரவின. அலை வருவதும், மீன் திரும்புவதும், அடியில் கல் உரசுவதும் படகுக்கே தெரிந்தது. அப்போதும் பங்கு என்னவோ சம்மாட்டிக்குத்தான் போனது.

வினை, கடல் வரி என்ற பெயரில் வந்தது. சம்மாட்டிமாரின் வருமானத்தில் பாதியை அது விழுங்கியது. படகின் வருமானத்துக்கு மட்டும் வரி கிடையாது என்று சட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. நம் ஆட்களுக்கு அது போதாதா? கரை மொத்தமும் படகுப் பங்கைப் படகின் பெயருக்கே எழுதி வைத்துவிட்டது. மச்சினன் பெயரில் மனை வாங்கிப் போட்டுப் பழகிய கைதானே! மச்சினனாவது ஒருநாள் மனம் மாறுவான், படகு எங்கே மாறப்போகிறது என்று எல்லாருக்கும் நிம்மதி. அந்தப் பணத்தை எடுக்கப் படகின் இசைவு வேண்டும். கேட்டால் படகு "சரி" என்று சொல்லும். வேறு பதில் சொல்லலாம் என்று எந்தப் படகுக்கும் அதுவரை தோன்றியதில்லை.

தஸ்நேவிஸின் படகுக்குப் பெயர் சலேத். கண்ணாடி இழையால் செய்த பழைய காலத்து ஓடு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் அதைக் கரையேற்றி, ஒரு நாணயத்தால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்க வேண்டும். சலேத்தில் பாதி இடத்தில் நனைந்த அட்டையைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. உள்ளே தண்ணீர் இறங்கி, இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. இஞ்சினைத் தாங்குகிற பின்பலகை கைவிரலுக்கே உதிர்ந்தது. சோதனைக்கு வந்த எந்திரம் ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, இது கடலுக்கு ஆகாது என்று சிவப்பு அடையாளம் ஒட்டிவிட்டுப் போனது.

தஸ்நேவிஸின் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் ராயப்பன் வந்து பார்த்தார். அவருடையது வளர்ப்புப் படகு. கடற்பாசிக் கூழைத் தொட்டியில் வளர்த்து எடுப்பார்கள், பளபளவென்று இருக்கும், சில வருஷத்தில் தானாகவே கரைந்துவிடும். படகறிவும் ஓட்டோடு சேர்ந்து போய்விடும். அவர் அப்படி எத்தனையோ படகு மாற்றிவிட்டார்.

"மாப்ள, உடைக்கக் குடுத்துட்டுப் புதுசு எடும்" என்றார் அவர். "புதுசுக்கு மானியம் தாரான். பழச ஒக்கிட்டுச் சரியாக்குததுக்குச் சல்லிக்காசு தர மாட்டான்."

"உடைச்சா இதோட அறிவும் போயிருமே மச்சான். இழையெல்லாம் ஓட்டுக்குள்ளல்லா ஓடிக் கெடக்கு. பிரிச்செடுத்துப் புதுசுல வைக்க முடியாது."

"போனாப் போவட்டும். புதுசுல இதவிட நல்ல அறிவு வருது. பழசுக்குச் செலவழிக்க ஆரம்பிச்சீர்னா அதுக்கு முடிவே கெடையாது, பாத்துக்கிடும். இன்னைக்குப் பலகம்பீரு, நாளைக்கு அடித்தட்டும்பீரு."

ஜெசிந்தாவுக்கு வேறு கணக்கு இருந்தது. தஸ்நேவிஸின் நுரையீரல் கெட்டுக்கொண்டு வருகிறது, அவருடைய உடம்பின் துணுக்கிலிருந்தே புதிதாக ஒன்றை வளர்த்து மாற்றிவிடலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். அதற்கும் படகுப் பங்கைத்தான் எடுத்தாக வேண்டும். படகைத் திருப்பிக் கட்டினால் அந்தப் பணம் அத்தோடு காலி.

"ராத்திரியெல்லாம் ஒங்க நெஞ்சு விசிலடிக்கி. பக்கத்துல படுத்துக் கெடக்குத எனக்குல்லா தெரியும்" என்றாள். "அண்ணன் சொல்லுதது சரிதான். மானியத்துல புதுப்படக வாங்கிட்டு, இருக்குத துட்ட ஒங்க நெஞ்சுக்குப் போடுங்க. அந்தக் கெழட்டுப் படகு ஒங்களுக்கு என்ன சோறா போடப் போவுது?"

இதெல்லாம் சலேத்தின் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள். படகுக்கு முன்னால் பார்த்துப் பேச வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவர்கள் போனபிறகு படகு மெதுவாகக் கேட்டது.

"சம்மாட்டி, என்னைய உடைக்கப் போறியளா?"

இரண்டு புயல்களில் தஸ்நேவிஸை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது அந்தப் படகு. "ஒன்னைய எவன் உடைப்பான்? சும்மா கெட" என்றார். அத்தோடு முடிவாகிவிட்டது. பணம் எடுக்க இசைவு கேட்டபோது படகு, கேட்டு முடிப்பதற்குள் "சரி" என்றது.

வீட்டில் அவர் சொன்ன நியாயமும் தப்பில்லை. படகு நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் நுரையீரலுக்கும் சேர்த்தே சம்பாதித்துக் கொடுத்துவிடும். அதுவரை மூச்சு தாங்காதா என்ன? தாங்கும் என்றுதான் நம்பினார்.

தடைக்காலம் முழுக்க அவர் சலேத்தின் அடியிலேயே கிடந்தார். கெட்டுப்போன இடத்தை அறுத்து எடுத்தார். உளுத்த பலகையைச் சுரண்டி வெளியே தள்ளினார். ஓரங்களைத் தேய்த்துச் சரித்து, இழைப்பாயை வெட்டி ஒட்டி, ரெசினைத் தடவி, காற்றுக்குமிழி நிற்காமல் ரோலரால் உருட்டினார். ஒன்று காய்ந்ததும் அதன்மேல் அடுத்தது. உணர்விழை ஓடுகிற இடங்களில் பிளேடை நூல் பிடித்த மாதிரி நகர்த்த வேண்டும். இழையில் பட்டால் படகின் குரல் நடுங்கியது. வலி என்று அதைச் சொல்லலாமா என்பது தஸ்நேவிஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை.

தேய்க்கும்போது கண்ணாடித்தூள் வெள்ளையாகப் பறக்கும். அதற்காக மூக்கையும் வாயையும் இறுக்கி மூடுகிற முகமூடி இருந்தது. முதல் சில நாள் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள்ளிருந்து பேசினால் சலேத்துக்குப் புரியவில்லை. அவர் குரல் கேட்காவிட்டால் அது, "சம்மாட்டி, நீங்கதானா? சம்மாட்டி, இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பயப்படுகிறது பாவம் என்று முகமூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே தேய்த்தார். போன வருஷம் அகப்பட்ட சீலா மீனைப் பற்றிப் பேசினார், நீரோட்டத்தைப் பற்றிப் பேசினார், ஒன்றும் இல்லாதபோது ஜெசிந்தாவின் சமையலைப் பற்றிப் பேசினார். பேசப் பேசத் தூள் உள்ளே போனது.

கரையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் நகரவில்லை. "இந்தத் துட்டுல ரெண்டு புதுசு வாங்கிருக்கலாம்" என்றான் ஒருவன். "பழசக் கட்டிக்கிட்டு அழுதான், கிறுக்கன்" என்றான் இன்னொருவன். ராயப்பன் ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தஸ்நேவிஸ் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சலேத்துக்கோ காதை மூடிக்கொள்ள வழியில்லை.

தடை முடிந்து தண்ணீரில் இறங்கியபோது படகு புதுசாகவே மாறியிருந்தது. நிமிர்ந்து நின்றது, லேசாகத் திரும்பியது, மற்ற படகுகள் திரும்பி வருகிற நேரத்திலும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றது. நல்ல மீன்பாடு கிடைத்தது. அடுத்த வருஷமும் நல்ல பாடுதான். படகுப் பங்கு மளமளவென்று ஏறியது. "பாத்தியா? நான் என்ன சொன்னேன்?" என்று தஸ்நேவிஸ் மனைவியிடம் சொல்ல வாயெடுப்பார். இருமல் வந்து பாதியில் நிறுத்தும்.

ஒருநாள் வலையை இழுக்கும்போதே மூச்சு அடைத்துத் தளத்தில் விழுந்தார். சலேத் அவரை அலைமேல் குலுங்காமல் கரைக்குக் கொண்டுவந்தது. டாக்டரம்மா நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கண்ணாடித்தூளாகக் கிடக்கிறது, இந்த மழைக்காலத்துக்கு முன்னால் நுரையீரலை மாற்றினால் பிழைப்பார், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்றாள்.

பணம் இருக்கிறதே என்று ஜெசிந்தா தைரியமாக இருந்தாள். மறுநாள் காலை கணவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். தஸ்நேவிஸ் படகின் முன்முனையில் கையை வைத்தார்.

"சலேத், நெஞ்ச மாத்தணும். பங்குத் துட்ட எடுக்கணும். சரின்னு சொல்லு."

அலை வந்து படகின் பக்கத்தில் மோதிவிட்டுப் போனது.

"வேண்டாம், சம்மாட்டி" என்றது.

காதில் விழுந்தது சரிதானா என்று தஸ்நேவிஸ் மனைவியைப் பார்த்தார்.

"ஒங்களுக்குப் பதிலா வலை இழுக்க எந்திர இழுவைக்கை ஒண்ணு எடுத்துருக்கேன்" என்றது படகு. "நாளைக்கு வந்துரும். புதுசு. மானியமும் தந்தாங்க. ஆளுக்கு நெஞ்சு மாத்துததுக்கு மானியம் கெடையாதாம். கேட்டுப் பாத்துட்டேன்."

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத நீ? அவருல்லா ஒன்னைய உடைக்க விடாம எடுத்துக் கட்டுனாரு. அந்தத் தூளுதான் அவரு நெஞ்சுல கெடக்கு" என்று ஜெசிந்தா கத்தினாள்.

"தெரியும்க்கா. எனக்குத்தான் நல்லாத் தெரியும்." படகின் குரலில் கோபம் எதுவும் இல்லை, துக்கம் போல ஏதோ இருந்தது. "ஆனா நெஞ்ச மாத்துனா அடுத்தது கால்முட்டும்பாங்க, அதுக்கடுத்து கண்ணும்பாங்க. முடிவே இருக்காது. நான் ரொம்ப யோசிச்சேன்."

"நான் அப்பிடி யோசிக்கலையே" என்றார் தஸ்நேவிஸ். அதைச் சொல்வதற்கே இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"நீங்க யோசிக்கல, சம்மாட்டி. அதத்தான் கரையில எல்லாரும் தப்புன்னு சொன்னாங்க. அந்தத் தடைக்காலம் பூராவும் நான் கேட்டுக்கிட்டுதான கெடந்தேன்? நீங்க செஞ்சது சரின்னு ஒரு ஆளு சொல்லல. ஜெசிந்தா அக்காவும் சொல்லல. அத்தன பேரும் சேர்ந்து சொன்னா அதுதான சரியா இருக்கும்? எனக்கு ஒங்க மேல ரொம்பப் பிரியம். அதுக்காக அதே தப்ப நானும் பண்ண முடியுமா?"

அன்று படகின் பக்கத்தில் நின்று தான் சொன்னது ஜெசிந்தாவுக்கு நினைவிருந்தது.

வக்கீலைப் பார்த்தார்கள். பங்கு படகின் பெயரில் இருக்கிறது, எழுதிக் கொடுத்தது நீங்களேதான், வரியையும் இத்தனை வருஷமாகக் கட்டவில்லை, இப்போது என்னுடையது என்று போய் நின்றால் முதலில் உங்களைத்தான் பிடிப்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மறுநாள் இழுவைக்கை வந்தது. மருந்துக்கென்று படகு மாதாமாதம் கொஞ்சம் அனுப்பியது. மாதா கோயில் திருவிழாவுக்கு வேட்டியும் அனுப்பியது. நல்ல படகு, பெற்ற பிள்ளை கூட இவ்வளவு செய்யாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தஸ்நேவிஸுக்குப் படகின் மேல் கோபம் வரவில்லை. படுத்த படுக்கையில் யோசித்து யோசித்துப் பார்த்தும் அது சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

ராயப்பன் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். "என்ன மாப்ள செய்யது, காலம் அப்பிடி. படகு சொன்னதுலயும்..." என்று தொடங்கியவர், ஏதோ நினைவு வந்த மாதிரி நிறுத்தினார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார். பழங்களில் பாதியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கரைக்குப் போனார். படகுக்கு ஆரஞ்சு எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஏனென்றால் அவருக்கு முன்பே அங்கே எல்லாரும் இருந்தார்கள். நேற்றுவரை "ஏய்" என்று காலால் தட்டி எழுப்பிய படகுகளை, "நீங்க" என்றும் "வாங்க" என்றும் அழைத்துக்கொண்டு, வெயில் படாமல் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரவருடைய முட்டியும் கண்ணும் நெஞ்சும் அவரவர் படகின் கையில் அல்லவா இருக்கிறது! இத்தனை காலத்தில் ஒரு தடவையும் கேட்டிராததை அன்று ஒவ்வொருவரும் பணிந்து நின்று கேட்டார்கள். "ஒங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?"

ஜெசிந்தாவும் போயிருந்தாள். வீட்டிலிருந்த நல்ல தண்ணீரைக் குடத்தோடு எடுத்துப் போய், சலேத்தின் மேலிருந்த உப்பைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மழை தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஒருவேளை அது மனம் மாறினாலும் மாறலாம்.

வீட்டில் தஸ்நேவிஸுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் வேண்டும் என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாருக்கும் கேட்கவில்லை.