கொடைக்கானல் போய் வந்த ரோல்

வியாழக்கிழமை, மாலை 4.10.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெபின், கழுவிய பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓர் ஆள் இல்லை, ஒரு மரம் இல்லை.

"ஒண்ணுமே உழலைங்க ஐயா. கேமராவுல மாட்டும்போது பல்லுல சரியா சிக்கியிருக்காது. ரோல் சுத்தவே இல்ல."

எதிரே நின்ற மரியஜோசப் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் போர்மேன். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு மேல் முப்பது வருஷம் கத்திக் கத்தி வளர்ந்த குரல், இப்போது ஒரு வார்த்தைக்குக்கூட வரவில்லை. தோளிலிருந்து நழுவிய துண்டின் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெல்ட்காரர்கள் எங்கே இருந்தாலும் அப்படித்தான்; உடம்பில் ஒரு நுனி தொங்க விடமாட்டார்கள்.

அவர் மனைவி ஆரோக்கியம்மாள் நெஞ்சுவலியில் போய் இருபத்தேழு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. பீடத்துக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்ததோ கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் அந்த அம்மாள் வெட்கத்தில் குனிந்திருந்ததால் வகிடுதான் தெளிவாகத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்த வருஷம், 1994-ல், பூத்திருந்தது. அதைப் பார்க்க சுரங்கக் குடியிருப்பின் பத்தொன்பதாவது வட்டத்துக் குடும்பங்கள் செப்டம்பரில் பஸ் வைத்துக் கொடைக்கானல் போனார்கள். அங்கே எடுத்த இந்த ரோலைத்தான் மனிதர் மலைபோல நம்பியிருந்தார்.

கூட வந்திருந்த விருத்தாம்பாள் பிலிமை வாங்கி ஓரத்தை மட்டும் பார்த்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி; ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் நர்ஸ். சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லி வருகிறவனின் காயத்தைப் பார்த்துவிட்டு, "அடிச்சது மச்சானா, தம்பியா?" என்று கேட்கிற ரகம்.

"அண்ணே, நீங்க போட்டது எத்தனை படத்து ரோல்?"

"முப்பத்தாறு." மரியஜோசப்பின் குரல் கரகரத்தது. "அவதான் பெரிய ரோலா வாங்கச் சொன்னா. அடுத்த வாட்டி பூக்கிறப்ப இருப்பமோ என்னமோன்னு."

"இதுல நம்பர் இருபத்துநாலோட நிக்குது. இது உங்க ரோலே இல்ல."

ஜெபினின் முகம் செத்துப்போனது. "சிஸ்டர், சத்தியமா நான் மாத்தலைங்க. எங்கிட்ட வந்ததைத்தான் கழுவினேன்."

"நீ கெடுத்துட்டு மறைச்சிருந்தா முப்பத்தாறு ரோலாப் பாத்து மாத்தியிருப்பே. அலமாரி நெறைய அடுக்கி வச்சிருக்கியே. எப்படி வந்துச்சு, அதைச் சொல்லு."

ஜெபின் மேஜைக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணிப்பை எடுத்தான். பழைய ரவிக்கைத் துணியில் கையால் தைத்தது. வாயைப் பூத் தொடுக்கிற நூலால் கட்டியிருந்தது. "அவுக்கவே முடியலை. முடிச்சுக்குப் பக்கத்துல கத்தரி வச்சு வெட்டினேன்."

முடிச்சு அப்படியே இருந்தது. விருத்தாம்பாள் அதை விரலில் உருட்டிப் பார்த்தாள். இறுக்கமான கட்டு. நூலின் நுனி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மாலை 5.00. பத்தொன்பதாவது வட்டம்.

வாசலில் நெடுமாறன் ட்ரைசைக்கிளிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். மரியஜோசப்பின் கேங்கில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஆரோக்கியம்மாள் இறந்த நாளிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேரே இங்கே வந்து தண்ணீர் பிடித்து, வாசல் பெருக்கி, போர்மேனைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படிச் செய்வானா என்பது சந்தேகம்.

"படம் வந்துச்சுங்களா ஐயா?"

"வெறும் பிலிம்டா. எவனோ மாத்திட்டான்."

நெடுமாறன் நாற்காலிக் கட்டை அவிழ்த்து அடுக்கி, கயிற்றைச் சுருட்டி, நுனியைச் சுருளுக்குள் செருகி வைத்தான். மடித்துவிட்ட கால்சட்டைக்குக் கீழே ஒரு குதிகாலால் மற்றக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"நீ கொடைக்கானல் பாத்திருக்கியா நெடுமாறா?" என்றாள் விருத்தாம்பாள், சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி.

"எங்க சிஸ்டர். எங்களுக்கு மலைன்னா மைன்ஸ்ல தோண்டிக் கொட்டி வச்சிருக்கிற மண்மேடுதான். நீங்கல்லாம் போன அன்னைக்கு நான் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன்."

"ஒரு நாள் ஆப்சென்ட் உழுந்தாலும் இவன் பேரு பர்மனென்ட் லிஸ்ட்லேருந்து போயிடும் சிஸ்டர். அடுத்த மாசம் லிஸ்ட் வருது. ஒம்பது வருஷம் காத்திருக்கான்," என்றார் மரியஜோசப்.

உள்ளே மாதா படத்துக்குக் கீழே ஓர் ஆணி. இத்தனை நாளும் பை அதில்தான் தொங்கியது.

"யார் கட்டி மாட்டினது?"

"அவதான். ரோலை டப்பியில போட்டு, பையில கட்டி, எப்பவும் போல ரெண்டு காது வச்ச முடிச்சு போட்டு மாட்டினா. ஒரு நுனியை இழுத்தா அவுந்துடும். அவ போனதுக்கப்புறம் எனக்குத் தொட மனசு வரலை. செவ்வாக்கிழமை எடுத்தேன், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிச்சைக்கூடப் பாக்கலை."

"இந்த ஒரு மாசத்துல உங்க வீட்டுல சகஜமாப் புழங்கினது யாரு?"

"பக்கத்து வீட்டுத் தனகோட்டி. அப்புறம் இவன். வேற யாரு வர்றா?"

மாலை 5.40.

தனகோட்டி ஆபீஸ் கிளார்க். டூர் ஏற்பாடு முழுக்க அவர்தான். 'கொடைக்கானலில் செய்ய வேண்டியவை' என்று இரண்டு பக்கத்துக்குச் சைக்ளோஸ்டைல் எடுத்து, பஸ்ஸில் ஏறியதும் ஆளுக்கொன்று விநியோகித்தவர். வேட்டி ஒரு பக்கம் இழுக்க, துண்டு ஒரு பக்கம் தொங்க, இரண்டு நுனியும் தரையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தைப் பிரிண்ட் போடாதீங்கன்னு இவர்கிட்டக் கெஞ்சினீங்களாமே?" என்றாள் விருத்தாம்பாள்.

தனகோட்டி நெளிந்தார். "ஏரியைச் சுத்தி குதிரைச் சவாரி போனேன். இறங்கத் தெரியலை. குதிரை கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னதை இவர் எடுத்துட்டார். முப்பத்தொண்ணாவது படம்னு சொல்லி வேற சிரிச்சார். ஆபீஸ்ல தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"அதுக்காக ரோலை எடுத்தீங்களா?"

"ஆரோக்கியம்மாள் மொகம் இருக்கிற ரோலையா? நான் மனுஷன்தானே சிஸ்டர்."

விருத்தாம்பாள் அந்த இரண்டு பக்க நிகழ்ச்சி நிரலை விரித்தாள். முதல் நாள்: சலேத் மாதா கோயில், கோக்கர்ஸ் வாக். இரண்டாம் நாள் காலை: ஏரி, படகு, சைக்கிள், குதிரை. மதியம்: வட்டக்கானல் சோலை வழியாக டால்பின்ஸ் நோஸ் பாறை வரை மலைநடை, வழியில் குறிஞ்சி. மூன்றாம் நாள்: பில்லர் ராக்ஸ், கடைவீதி, தைலம், சாக்லேட்.

"மலைநடையை மட்டும் நான் போட்டிருக்கக் கூடாது," என்றார் தனகோட்டி, குனிந்து கணுக்காலைச் சொறிந்தபடி. "அந்தச் சோலைக்குள்ள இருந்த அட்டை இருக்கே. ஒன்றரை மாசம் ஆச்சு, இன்னும் அரிக்குது."

"பதினோரு பேருக்கு நான்தான் மருந்து போட்டேன். சொறியாதீங்கன்னா யார் கேக்கறீங்க," என்று சொல்லிக்கொண்டே வந்த விருத்தாம்பாள் சட்டென்று நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். அவளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கண்டுபிடித்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

வெள்ளிக்கிழமை, மதியம் 2.40.

முதல் ஷிப்ட் முடிந்து, சாப்பாட்டுத் தூக்கோடு நெடுமாறன் வந்தான். கூடத்தில் மரியஜோசப்பும் விருத்தாம்பாளும் மட்டும் இருந்தார்கள். தனகோட்டியைப் பூவுக்குச் சொல்லி வர அனுப்பியாயிற்று.

"கதவைச் சாத்திட்டு உக்காரு," என்றாள் விருத்தாம்பாள். துணிப்பையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அம்மா இதை ரெண்டு காது வச்சு, நுனி தொங்கத்தான் கட்டுவாங்க. யாரோ அவுத்து, ரோலை மாத்தி, மறுபடி கட்டியிருக்காங்க. கட்டினவன் கை, அவனைக் கேக்காமயே நுனியை உள்ள செருகிடுச்சு. தனகோட்டி கட்டினா ரெண்டு முழம் தொங்கும். ஜெபின் வெட்டினானே தவிர கட்டலை. தொங்குற நுனியை ரோலர் புடிச்சா கையும் சேந்து போயிடும்னு பயந்து பழகினவன் கட்டின கட்டு இது. பெல்ட்காரன் கட்டு."

"நான் அதைத் தொடலையே சிஸ்டர்," என்றார் மரியஜோசப்.

"நீங்க இல்லண்ணே. உங்களுக்கு இந்தப் படம்தான் வேணும், ஒளிச்சு என்ன பண்ணுவீங்க." அவள் நெடுமாறன் பக்கம் திரும்பினாள். "உன் கணுக்கால்ல இருக்கே தழும்பு, மூணு கீத்தா, அது அட்டை கடிச்ச இடம். பதினோரு பேருக்குப் பாத்திருக்கேன். நெய்வேலி மண்ணுல அந்த அட்டை கெடையாது. நீ எங்க போயிருந்தே?"

நெடுமாறன் தூக்குச் சட்டியைத் திறந்தான். மேல் தட்டில் கறுப்பு டப்பி ஒன்று இருந்தது. எடுத்துத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

"தூக்கிப் போடத்தான் எடுத்தேன் ஐயா. மனசு வரலை. அம்மா அதுல இருக்காங்களே. பத்து நாளா வேலைக்கும் வூட்டுக்கும் இதைச் சுமந்துகினு அலையறேன்."

கேட்காமலேயே மீதியும் வந்தது. ஆடி மாசத்தில் அவன் மனைவி செங்கமலத்துக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் இறந்துபோனது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. டூர் பற்றிப் பேச்சு வந்த அன்றைக்கு, "அந்தப் பூவை நானும் பாக்கணும்," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். காண்ட்ராக்ட்காரனுக்கு லீவு ஏது. சினேகிதன் ஒருவனிடம் தன் வருகை டோக்கனைக் கொடுத்து டைம் ஆபீஸில் போடச் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

"ஏரியில படகுல போறப்ப அவ சிரிச்சா ஐயா. ரெண்டு மாசத்துக்கப்புறம் சிரிச்சா. திரும்பிப் பாத்தா கரையில அம்மா நிக்கிறாங்க, நீங்க கேமராவும் கையுமா எங்க பக்கம் பாத்துகினு இருக்கீங்க. நீங்க என்னைப் பாக்கலை. அம்மா பாத்துட்டாங்க. ஊருக்கு வந்ததும் கூப்பிட்டு, 'பிரிண்ட் வரட்டும், அந்தப் படத்தை அவரு கண்ணுல படாம எடுத்து உனக்கே தர்றேன், பயப்படாதே'ன்னாங்க. அதுக்குள்ள அவங்களே..."

தூக்குச் சட்டியின் மூடியை எடுத்துத் திரும்பப் பொருத்தினான்.

மரியஜோசப் எழுந்தார். குரல் திரும்பி வந்திருந்தது. பெல்ட்டுக்கு மேல் கேட்கிற அதே குரல்.

"டோக்கன் எதுக்குடா? கூலி போடறதுக்குன்னு நெனச்சியா? அன்னைக்கு மண்ணு சரிஞ்சிருந்தா, உன் டோக்கனைப் பாத்துட்டு, நீ உள்ள இருக்கேன்னு நாலு பேர் உன்னைத் தேடி எறங்கியிருப்பானுங்க. நீ படகு உட்டுகினு இருப்பே, அதுல ஒருத்தன் பொண்டாட்டி இங்க தாலி அறுத்துகினு நிப்பா."

"தப்புதான் ஐயா. லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடுங்க."

விருத்தாம்பாள் குறுக்கிடவில்லை, அது அவள் தீர்க்க வேண்டிய கணக்கு இல்லை.

மரியஜோசப் குனிந்து டப்பியை எடுத்தார். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாதா படத்தையே பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாற்காலி பத்தாது. இன்னும் இருபது கொண்டா," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை, காலை 11.15.

ஜெபின் முப்பத்தாறு படங்களையும் மேஜையில் பரப்பினான். குதிரையின் கழுத்தில் தொங்கும் தனகோட்டியைப் பார்த்து விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியஜோசப் மற்ற எதையும் பார்க்கவில்லை. பத்தொன்பதாவது படத்தை எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை.

ஏரிக்கரையில் ஆரோக்கியம்மாள். கம்பளித் தொப்பிக்குக் கீழே முகம் முழுக்கச் சிரிப்பு. கேமராவைப் பார்க்காமல் லேசாகத் திரும்பி, பக்கத்தில் வந்துவிட்ட ஒரு படகைப் பார்த்துச் சிரிக்கிறாள். படகில் நெடுமாறன், திகைத்துப்போய். அவன் பக்கத்தில் செங்கமலம், தண்ணீரில் கைவிட்டபடி சிரிக்கிறாள்.

"பெரிசாக்கணும்," என்றார் மரியஜோசப். "இவ மட்டும் இருக்கட்டும். இந்தப் படகை வெட்டிடு."

"சரிங்க ஐயா. வெட்டினதைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"வேணாம். அதையும் தனியாப் பெரிசாக்கி ஒரு கவர்ல போட்டுக் கொடு. நெகட்டிவ்வை எங்கிட்டக் கொடு."

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. பீடத்துக்கு முன்னால் ஆரோக்கியம்மாள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்து என்று அங்கே நான்கு பேருக்குத்தான் தெரியும். நெடுமாறனும் செங்கமலமும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மரியஜோசப் அவர்களிடம் போனார். விருத்தாம்பாள் தூணருகில் நின்று பார்த்தாள்.

"அன்னைக்கு நான் லீவு. வேலைக்கு யார் வந்தா, வரலைன்னு எனக்குத் தெரியாது," என்றார் அவர். "இன்னொரு வாட்டி டோக்கனைக் கைமாத்தினே, நானே உன்னைப் பத்தி மேல எழுதிக் கொடுப்பேன்."

பிறகு சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து, நெடுமாறனைத் தாண்டி, செங்கமலத்தின் கையில் வைத்தார்.

"இது என்னாதுங்க ஐயா?"

"உங்களுக்குத் தர்றேன்னு அவ சொல்லி வச்சிருந்தா."