கூச்சத் திருத்தம்

பொள்ளாச்சி மெய்யளவிக் கூடத்தில் யாராவது ‘சைஸ்’ என்று சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். செருப்புக்கு எண், சட்டைக்கு எழுத்து என்று மனிதர்கள் தங்களை நாலைந்து டப்பாக்களில் அடைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து பல்செட் வரை எல்லாமே ஆளுக்கு ஆள் வார்ப்புதான். மேடையில் ஏறிப் பிடியைப் பிடித்து உட்கார்ந்தால், மெய்யளவி எலும்பை அளக்கும், தசையின் இறுக்கத்தை அளக்கும், மூச்சுவிடும்போது விலா எவ்வளவு விரிகிறது என்பதையும் விடாது. அடுத்த அறையில் இருக்கும் வார்கலன் அந்த உடம்புக்கென்றே ஒரு பொருளை ஒரே துண்டாக வார்த்துத் தள்ளும். அதில் திருகு கிடையாது. பிறகு கூட்டிக் குறைக்க வழியும் கிடையாது.

இதனால் அதிகம் பிழைத்தவர்கள் மலைச் சைக்கிள் பந்தயத்தில் உயரம் குறைந்தவர்கள். முன்பெல்லாம் ஆறடி ஆளுக்குப் போட்ட கணக்கையே கொஞ்சம் சுருக்கி அவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். சட்டகம் மட்டும் சிறுக்கும். சக்கரமும் பெடல் தண்டும் அதே பெரிசு. முழங்கால் நெஞ்சில் இடிக்கும், வளைவில் கால்விரல் முன்சக்கரத்தில் உரசும், கைப்பிடி முகவாய்க்கு நேரே வந்து நிற்கும். அப்படியும் ஜெயித்தவர்கள் உண்டு, அவர்களுடைய முதுகைத்தான் கேட்க வேண்டும்.

சைக்கிளுக்கான மெய்யளவியை வடிவமைத்தவள் நஸ்ரின். கெட்டிக்காரி, அது அவளுக்கும் தெரியும். இயந்திரத்தைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால், தன் பிள்ளையின் மார்க்கைச் சந்தேகப்பட்டதுபோல முகம் மாறிவிடும். மாநில அணியின் எட்டுப் பேர் அளவெடுக்க வந்த அன்று அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். ஏழு பேரை அளந்து முடித்தாயிற்று. எட்டாவதாக வந்தவள் வால்பாறை ஜெனோவா. ஏற்றத்தில் அவளை முந்த மாநிலத்தில் ஆள் இல்லை. உயரம் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர்.

மேடை அவளுக்கு இடுப்பு உயரம் இருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள், எட்டவில்லை.

“பால்வாடிப் பசங்களுக்கு வெச்சிருக்கற குட்டிப் படி அந்த மூலையில கெடக்கு, எடுத்துப் போடட்டுமா?” என்றாள் நஸ்ரின்.

அணி மொத்தமும் சிரித்தது. பயிற்சியாளர் தனபாலும் சிரித்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ஜெனோவாதான். படியைத் தானே தூக்கிவந்து போட்டு, சிரித்தபடியே ஏறி உட்கார்ந்தாள். தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொள்கிற பெண் என்று நஸ்ரின் நினைத்தாள். மெய்யளவி அளந்தது. வண்டி வந்தது.

ஆசியப் பந்தயத்துக்குப் போக மூன்று தேர்வுச் சுற்றுகள். முதல் சுற்றில் ஜெனோவா ஆறாவதாக வந்தாள். இரண்டாவதில் பாதி ஏற்றத்தில் கவிழ்ந்து, முழங்கை தேய்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூன்றாவதில் முதலிடம் வந்தால் மட்டுமே அணியில் இடம். இல்லாவிட்டால் எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலை பொட்டலம் போடும் வேலை அவளுக்குக் காத்திருந்தது.

அவள் கூடத்துக்கு வந்தாள். “வண்டி குறுகலா இருக்குங்க மேடம். ஏத்தத்துல முன்சக்கரம் தூக்குது. திருப்பத்துல முட்டி கைப்பிடியில இடிக்குது.”

“குறுகலா இருக்க வாய்ப்பே இல்லைம்மா” என்றாள் நஸ்ரின்.

“வண்டியக் குத்தம் சொல்லாத கண்ணு” என்றார் தனபால். “மெஷின் என்ன உன் பங்காளியா, வேணும்னே கம்மியா அளக்கறதுக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நஸ்ரின் பெருந்தன்மையாக மறுபடி அளக்கச் சொன்னாள். யாரோ அந்தக் குட்டிப் படியைக் காலால் தள்ளிவிட்டார்கள். ஜெனோவா ஏறி உட்கார்ந்தாள். மயிரிழை பிசகாமல் அதே அளவு வந்தது.

“சாரிங்க மேடம். நாந்தான் ஓட்டத் தெரியாம ஓட்டிருக்கறன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயித்தது நஸ்ரின்தான். ஆனால் முன்சக்கரம் தூக்குகிறது, முட்டி இடிக்கிறது என்ற இரண்டும் அவள் மனதில் உறுத்தின. வண்டி குறுகலாக இருந்தால் மட்டுமே வரக்கூடிய கோளாறுகள் அவை. ஞாயிற்றுக்கிழமை காலை, தூரத்திலிருந்தே ஆளை அளக்கும் தொலையளவியை எடுத்துக்கொண்டு வால்பாறைக்குப் போனாள். இயந்திரம் சரி என்று நிரூபித்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

ஜெனோவா தேயிலைச் சரிவில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வார்ப்பு வண்டியில் இல்லை. அவள் அண்ணனுடைய பழைய திருகு சைக்கிளில், கைப்பிடியைத் தன் இஷ்டத்துக்கு முன்னே தள்ளி முடுக்கிக்கொண்டு. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இறங்கினாள். கை நீண்டு, முதுகு விரிந்து, தோள் இரண்டும் அகன்று, பார்க்கவே ஆனந்தமாக இருந்தது.

நஸ்ரின் பம்ப் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்து தொலையளவியை அவள்மேல் திருப்பினாள். முதுகும் கையும் சேர்ந்த நீளம் மேடையில் வந்ததைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம் காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று ஒரு மின்கம்பத்தை அளந்தாள். சரியாக இருந்தது. மறுபடி ஜெனோவாவை அளந்தாள். மறுபடியும் மூன்று சென்டிமீட்டர்.

எலும்பு ஒரு வாரத்தில் வளராது. அப்படியென்றால் மேடையில் உட்கார்ந்தபோது இந்தப் பெண் தோளை உள்ளே இழுத்து, முதுகைக் கூனி, கைகளை விலாவோடு ஒட்டிவைத்திருக்கிறாள். அந்தக் கூனலையே அவள் உடம்பு என்று நம்பி, அதற்கு அச்சு அசலாக ஒரு வண்டியை வார்த்துக் கொடுத்திருக்கிறது மெய்யளவி. இயந்திரத்தின்மேல் தப்பில்லை. அது யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

நஸ்ரினுக்கு முகம் சுட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவள் அன்றே மறந்துபோனாள். கேட்டவள் மறக்கவில்லை. அவள் உடம்பு மறக்கவில்லை. இதைவிடக் கேவலம் எதுவும் இருக்க முடியாது என்று தோன்றியது. இறங்கிப் போய், ‘அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிடு, யாரும் இல்லாத நேரமா வா, திரும்ப அளந்துக்கலாம்’ என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாயில் சரியாகத்தான் வந்தது.

ஜெனோவா கொட்டகைப் பக்கம் வந்து பிரேக் போட்டாள். நஸ்ரினைப் பார்த்ததும் சட்டென்று இறங்கினாள். தோள் உள்ளே போனது. மூன்று சென்டிமீட்டரும் கண்ணெதிரே காணாமல் போயிற்று.

“மேடம், நீங்க எங்கீங்க இங்க?”

“சும்மாதான். காத்து வாங்கலாம்னு வந்தேன்” என்றாள் நஸ்ரின்.

திங்கட்கிழமை தனபால் கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார். “ஏனுங் மேடம், கோளாறு பிள்ளைகிட்டயா, மெஷின்கிட்டயா?”

உண்மையைச் சொல்ல அது கடைசி வாய்ப்பு. சுற்றிலும் உதவிப் பொறியாளர்கள் நின்றிருந்தார்கள். நஸ்ரின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ரெண்டுலயும் இல்லைங்க. உயரம் கம்மியானவங்க மேடையில ஏறினா தன்னை அறியாமலே குறுகிக்கறாங்க. அது அவங்க சுபாவம். அதுக்கு ஒரு திருத்தம் சேர்த்துட்டா போதும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. தன் வாய்த்துடுக்கை அந்தப் பெண்ணின் சுபாவமாக்கிவிட்டாள். ஆனால் தலைகள் மரியாதையாக அசைந்தன. மூன்று சென்டிமீட்டர் சேர்த்துப் புது வண்டி வார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் ஜெனோவா ஏற்றத்தில் யாரையும் கிட்டவே நெருங்கவிடவில்லை.

அடுத்த நாள் அவள் ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்தாள். “என் உடம்பு குறுகுதுன்னு எனக்கே தெரியலீங்க மேடம். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க” என்று கண் கலங்கினாள். நஸ்ரின் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

நிறுவனம் இந்தத் திருத்தத்தை நாட்டிலுள்ள எல்லா மெய்யளவிகளிலும் ஏற்றியது. நூற்றைம்பது சென்டிமீட்டருக்குக் கீழே யார் வந்தாலும் இயந்திரம் அவர்கள் குறுகி உட்கார்வதைப் பதிவு செய்து, தானாகவே கூச்சத்துக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். சைக்கிளுக்கு மட்டுமில்லை, நாற்காலிக்கும் மேஜைக்கும் பேருந்து ஓட்டுநர் இருக்கைக்கும் அதே கணக்கு. ‘கூச்சத் திருத்தம்’ என்று பெயர் வைத்தார்கள். நஸ்ரினுக்கு விருது கொடுத்தார்கள், பதவி கொடுத்து மாடி அறைக்கு அனுப்பினார்கள். மன்னிப்பு கேட்பதை அவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். ஜெனோவா ஆசியப் பந்தயத்தில் வெள்ளி வாங்கிய பிறகு, நல்ல நேரத்தில் பழையதைக் கிளறுவானேன் என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் விருந்தினர் யாருக்கோ சுற்றிக்காட்டுவதற்காக அவள் கீழே கூடத்துக்கு வந்தாள். இளையோர் அணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்மலர் என்ற பெண்ணின் முறை. பதினாறு வயது, ஜெனோவாவைவிடவும் ஒரு விரல் குட்டை. படி எதுவும் கேட்கவில்லை. கைகளை ஊன்றி ஒரே தாவாகத் தாவி மேடையில் ஏறினாள். முதுகை நிமிர்த்தி, தோளை அகட்டி, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு உட்கார்வதுபோலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அதெல்லாம் இப்போது விதிப்படி தடை.

மெய்யளவி கனிவான குரலில் பேசியது. “தங்கள் உயரத்துக்கு இயல்பான கூச்சம் தங்களிடம் பதிவாகவில்லை. மீண்டும் அளக்கிறேன்.”

பொன்மலர் பக்கத்திலிருந்த உதவியாளர் சதானந்தைப் பார்த்தாள். “கூச்சமா? எதுக்குண்ணா?”

“ஒண்ணுமில்ல பாப்பா, உயரம் கம்மியா இருக்கறவங்களுக்கு இருக்கும். நீ பாட்டுக்கு உக்காரு” என்றார் சதானந்த். பிறகு நஸ்ரின் பக்கம் திரும்பி விளக்கினார். “குட்டைப் பிள்ளைங்களுக்கு எப்பவும் ரெண்டு தடவை ஆகுங்க மேடம். ரெண்டாவது தடவை கரெக்டா வந்துரும். உங்க திருத்தம் ஒரு தடவைகூடப் பொய்த்தது இல்லைங்க.”

பொன்மலர் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை மேடையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களின் கால்களைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அவிந்தது. கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு நினைவு வந்து பிடியைப் பிடித்தாள். தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின.

“நன்றி. அளவு சரியாகப் பதிவானது” என்றது மெய்யளவி.

நஸ்ரின் விருந்தினர்களை விட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். “இது வேண்டாம், அழிச்சிடுங்க” என்று சதானந்திடம் கத்தினாள். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, “நிமிர்ந்து உக்காரும்மா. உனக்கு ஒரு குறையும் இல்ல. நிமிர்ந்து உக்காரு” என்றாள்.

பொன்மலர் பயந்துபோய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“முதல்ல அப்படித்தானேங்க உக்காந்தேன்” என்றாள். “அது தப்புன்னு சொல்லிருச்சுங்களே.”