வேங்கைக் குரலில் ஓர் உறுமி

மேற்கு மலைமுகட்டில் கதிரவன் மறைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்த அந்த வேளையில், மூங்கிலாறு உருக்கிய வெள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. வாசகர்களே, அந்த அழகில் மயங்கி நின்றுவிட வேண்டாம்! இக்கரையில், விளைந்து தலைசாய்ந்த தினைப்புனங்களின் ஓரத்தில், நஞ்சு தோய்த்த அம்புகளோடு வில்வீரர்கள் காத்திருந்தார்கள். அக்கரைக் காட்டிலிருந்து குன்றநாட்டில் எஞ்சியிருந்த ஒரே யானைக் கூட்டம் நீர்த்துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆற்றைக் கடந்து தினையில் வாய் வைத்தால் ஒன்றையும் விடாதீர்" என்று மன்னர் ஆணையிட்டிருந்தார். குடிகளின் பசியைக் கண்டு இட்ட ஆணை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. தந்தங்களை நினைத்து நாவூறிக்கொண்டிருந்த தண்டநாயகர் அரட்டனாரைப் பற்றி அப்படிச் சொல்ல நம்மால் முடியாது.

கூட்டத்தை அம்பின்றித் திருப்புவதாகச் சூளுரைத்து வந்திருந்தாள் மலைநாட்டு வேளின் மகள் நறுவீ. யானைக்குக் கண் மந்தம், காது கூர்மை. அந்தக் காதை நம்பித்தான் அவள் உறுமி என்னும் தோல்மேளத்தோடு துறைப்பாறையின் பின்னே பதுங்கியிருந்தாள். உறுமியைத் தேய்க்க, அண்மையில் பாசறைக்கு வந்து சேர்ந்திருந்த கூத்தன் என்ற இளைஞனை அழைத்திருந்தாள்.

யானைகள் நீரில் இறங்கின. கூத்தன் பதற்றத்தில் வளைகுச்சியால் விட்டுவிட்டு வேகமாகத் தேய்த்தான். அவ்வளவுதான்! தலைவிப் பிடி துதிக்கையை உயர்த்திப் பிளிறிக்கொண்டு பாறையை நோக்கிப் பாய்ந்தது.

"நிறுத்துங்கள்! இரம்பம் இழுப்பதுபோல் கரகரப்பது சிறுத்தையின் குரல். அதைக் கேட்டால் யானைக்குச் சினம் மூளும்; வேங்கைப் புலிக்குத்தான் ஒதுங்கும்!"

"தேவி, ஓடிவிடலாமே!"

"நாம் ஓடினால் அவை கரையேறும், ஒன்றும் பிழைக்காது. குச்சியை அழுத்துங்கள். ஒரே மூச்சாக, நீளமாக இழுங்கள்!"

சொன்னதோடு நில்லாமல் அவன் கைமீது தன் கையை வைத்து அழுத்தினாள். கூத்தனின் உடல் நடுங்கியது யானையாலா, அந்தக் கையாலா என்று நம்மைக் கேட்டால் என்ன சொல்வது!

அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஆழ்ந்த உறுமல் ஆற்றைக் கடந்து பரவியது. நடுவாற்றில் பிடி அப்படியே நின்றது. கன்றுகள் தாய்களின் வயிற்றடியில் ஒடுங்கின. பிறகு பிளிறல் ஏதுமின்றிக் கூட்டம் முழுவதும் திரும்பியது. நறுவீயின் கண்களில் நீர் பெருகியது.

"எய்யுங்கள்!" என்று முழங்கினார் அரட்டனார். வீரர்கள் விற்களை உயர்த்தித் தயங்கினார்கள்.

"அவை கரையேறவில்லையே! இது ஆணைக்கு மாறானது!" என்று அலறினாள் நறுவீ.

"தேவி, காடு வாய் திறக்காது. மன்னரிடம் பேசப்போவது நான்தான்."

"நானும் பேசுவேன், தண்டநாயகரே!"

அப்படிச் சொன்னவன் கூத்தன்! அவன் பாறைமீது ஏறி நின்றான். தலைப்பாகையை வீசி எறிந்து, கச்சையில் மறைத்திருந்த அரச முத்திரை மோதிரத்தை உயர்த்திக் காட்டினான். நிலவொளியில் அந்த முகத்தைக் கண்ட வீரர்களின் விற்கள் தாழ்ந்தன. அரட்டனாரின் வாயிலிருந்து "இளவரசர் இளவேட்டனாரா?" என்ற சொல் தடுமாறி வெளிவந்தது.

"தந்தையின் ஆணை எப்படி நிறைவேறுகிறது என்று பார்க்க வந்தேன்; பார்த்துவிட்டேன். இந்த மோதிரத்தின்மேல் ஆணை! நான் உயிரோடு உள்ளவரை இக்கரையைக் காப்பது உறுமிதான். இங்கே ஒரு வில்லும் வளையாது!"

நறுவீ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உறுமியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அப்படியானால், இளவரசே, நாளை மாலையும் வாருங்கள். யானைகளும் வரும்; தங்கள் கைக்கு இன்னும் சிறுத்தையின் குரல்தான் பழக்கமாக இருக்கிறது."