இடப்பக்கத் துண்டு

கோவையில் அப்போதெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டும் முன் உடையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வோர் அடுக்குமாடியின் கதவருகிலும் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். பெயர் ஆடைமானி. ஆபீஸ் போகிறவர்கள், காய் வாங்கப் போகிறவர்கள், சும்மா ஊர்வம்பு பேசப் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு கணம் நிற்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் நகர்வார்கள். பல் தேய்ப்பதுபோல அதுவும் பழகிப்போயிருந்தது.

குழலியும் நின்றாள். உடைப்பெட்டி தைத்துத் தந்த சாம்பல் நிறக் குர்த்தா, இடது மார்புப் பக்கம் காற்றுப் போன பலூனாகத் தொங்கியது. துப்பட்டாவை இழுத்து அந்தப் பக்கம் குவித்துக்கொண்டாள். பச்சை விழுந்தது. தெருவில் எதிரே வந்த பெண் போட்டிருந்த குர்த்தாவைப் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது ‘சாய்வு’. ஊரே அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தது. அதைக் கண்டால் குழலிக்கு வயிறு எரியும், போட்டிருப்பவள் யாரென்றுகூடப் பார்க்க மாட்டாள்.

ஏன் எரிகிறது என்பதற்கு அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வீடு உடைப்பெட்டி இருந்தது. வடிவத்தின் பெயரைச் சொன்னால் பெட்டியே துணியை வெட்டி, கட்டளை கேட்டு நடக்கும் அறிநூலால் தைத்துக் கையில் கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு வடிவமும் யாரோ ஒருவருடைய சொத்து. வடிவப் பதிவகத்தில் முதலில் பதிந்தவர் எவரோ அவருக்கே அது சொந்தம். அடுத்தவர் வடிவத்தை அனுமதியில்லாமல் போட்டுக்கொண்டு வந்தால் ஆடைமானி சிவப்பு காட்டும். ஒருவர் திருடிப் பதிந்தார் என்று தெரிந்துவிட்டாலோ பதிவகம் ஒரே ஒரு கட்டளை அனுப்பும். அவர் பெயரிலுள்ள எல்லா வடிவங்களிலும், எந்த ஊரில் யார் உடம்பில் இருந்தாலும், அறிநூல் தையலை விட்டுவிடும். துணி துண்டு துண்டாகக் கழன்று விழும். அதற்கு அவிழ்ப்பு என்று பெயர். இரக்கமில்லாத சட்டம்தான். ஆனால் இரக்கம் கேட்டு யாரும் அதை எழுதவில்லை.

பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. அதைப் பொறுத்தவரை மனித உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்று. ஒரு பாதிக்கு வரைந்து, துணியை மடித்துப் போட்டு, மறுபாதியையும் சேர்த்து வெட்டிவிடும். புற்றுநோய்க்கு இடது மார்பைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழலியிடம் அது எத்தனையோ குர்த்தாக்களை நீட்டியது. எல்லாவற்றிலும் இல்லாத ஒன்றுக்கு இடம் விட்டிருந்தது.

அதனால்தான் அவள் வீட்டிலேயே வடிவம் எடுத்தாள். நோய்க்கு முன்பு ஆசையாகப் போட்ட மஞ்சள் குர்த்தா ஒன்று இருந்தது. மெத்தைமேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் குர்த்தாவைப் பரப்பி, தையல் ஓடும் வழியெல்லாம் குண்டூசியால் குத்திக்கொண்டே போனாள். துணியை எடுத்தால் தாளில் வெறும் துளைகள். துளைகளைப் பென்சிலால் சேர்த்தால் வடிவம் வந்துவிடும். எல்லாரும் ஒரு பாதியைத்தான் எடுப்பார்கள். குழலி இரண்டு பாதியையும் தனித்தனியாக எடுத்தாள். இடப்பக்கத்தில் மார்புக்கு மேடு கொடுக்கும் பிடிப்பை எடுத்துவிட்டு, தோளிலிருந்து இடுப்புவரை ஒரு மடிப்பைச் சாய்த்து இறக்கினாள். எத்தனை தடவை வெட்டி, போட்டுப் பார்த்து, அழுது, மறுபடி வெட்டினாளோ. கடைசியில் பழைய படுக்கை விரிப்பில் சாதா நூலால் தைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, அறுவைக்குப் பிறகு முதல் தடவையாகத் துப்பட்டா இல்லாமல் வெளியே போகலாம் என்று தோன்றியது. போனாள்.

பார்த்தவர்களில் ஒருத்தி நித்திலா. கல்லூரியிலிருந்தே கூட ஒட்டிக்கொண்டிருந்தவள்.

“என்னடி இது, ஒரு பக்கமா சரிஞ்சு, செம ஸ்டைலா இருக்கு! ஒரே ஒரு நாள் குடுடி, போட்டுட்டுத் தர்றேன்.”

குழலி கொடுத்தாள். கேட்டால் கொடுக்கிற பிறவி அவள். நித்திலா மறுநாளே துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த நல்ல குணத்தை நினைத்துக் குழலி பூரித்துப்போனாள் என்பதுதான் கொடுமை.

சில வாரம் கழித்து ஒரு காலை ஆடைமானி சிவப்பாக எரிந்தது. காவலர் ஆறுச்சாமி ஓடி வந்தார். திரையைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இது ‘சாய்வு’னு பதிஞ்ச வடிவமாட்டம் இருக்குதுங்க அம்மிணி. நீங்க போட்டிருக்கறது கள்ளப் படியாம். கழட்டி வாங்கோணும்.”

“அண்ணா, இது நானே தைச்சது.”

“எனக்குத் தெரியுமுங்க. மெஷினுக்குத் தெரியோணுமில்ல? வாங்கலீன்னா என் வேலை போயிருமுங்க.”

பின்னால் வரிசை நின்றது. அந்த வரிசைக்கு முன்னால் குழலி குர்த்தாவைக் கழற்றினாள். ஆறுச்சாமி முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு தன் தோள்துண்டை நீட்டினார். வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பவில்லை. மெல்லிய பனியனுக்குள் ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் தழும்புமாக அவள் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் குர்த்தா அவள் கண்ணெதிரிலேயே, பிடிபட்ட துணியைத் தூளாக்கும் அரைப்பானுக்குள் போனது.

துண்டோடு மாடிக்குப் போய், வேறு உடை மாற்றிக்கொண்டு நேராக நித்திலா வீட்டுக்குப் போனாள்.

“நீ பதிஞ்சிருக்கணும்டி,” என்றாள் நித்திலா. குரலில் குற்ற உணர்ச்சி இல்லை, அக்கறைதான் இருந்தது. “வேற எவளாவது பதிஞ்சிருந்தா உனக்கு என்ன கிடைச்சிருக்கும்? இப்ப நான்ங்கிறதால, உனக்கு மட்டும் அனுமதி இலவசம். பெட்டியில என் பேரைச் சொல்லு, தைச்சுத் தரும்.”

“என் உடம்புக்கு நான் வரைஞ்சதைப் போட உன் பேரைச் சொல்லணுமா?”

“எதுக்குடி எல்லாத்தையும் பெருசு பண்றே?”

குழலி எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து பெட்டியிடம் அவள் நித்திலாவின் பெயரைச் சொல்லவே இல்லை. காற்றுப்போன சாம்பல் குர்த்தாவோடு நடந்தாள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே வெறித்துப் பார்ப்பாள். நித்திலாவை அதே மாதிரி ஊர் முன்னால் நிறுத்த வேண்டும், அதுவரை எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில் சோறு நன்றாகவே இறங்கியது. வன்மத்துக்குத் தெம்பு வேண்டுமே.

அதற்கு அவள் மறுபடி குண்டூசியை எடுத்தாள். நித்திலாவின் சோம்பல் அவளுக்குத் தெரியும். செய்தித்தாள், ஊசி என்று அவள் மெனக்கெட மாட்டாள். விரலில் இருக்கும் வருடுமோதிரத்தைத் துணிமேல் ஓட்டினால் உள்ளே வெளியே உள்ள துண்டுகள் அத்தனையும் பதிவாகிவிடும். எந்த உடையையும் அவள் திருப்பிப் போட்டு உட்புறத்தைப் பார்த்ததே கிடையாது. பதிவகமும் வெளியே தெரியும் துண்டுகளை மட்டுமே சரிபார்க்கும். உள்ளே இருப்பதற்கு உடையவர் வந்து கேட்டால்தான் வழக்கு.

ஒரு பெரிய கம்பெனி இருந்தது. வளைந்த வாயுள்ள ஒரு பாக்கெட் வடிவம்தான் அதன் குலதெய்வம். அதில் கை வைத்தவர் எவரையும் அது விட்டதில்லை. குழலி அந்தக் கம்பெனிச் சட்டை ஒன்றின் பாக்கெட்டை ஊசி குத்தி அச்சு அசலாக எடுத்தாள். பிறகு கண்ணைப் பறிக்கும்படி ஒரு புதுக் குர்த்தாவைத் தைத்து, அந்தப் பாக்கெட்டை உள்துணிக்கு அடியில், வெளியிலிருந்து விரல்கூடப் போகாத இடத்தில் வைத்து மூடினாள். குர்த்தாவைக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். நித்திலாவைக் கூப்பிட்டாள்.

“கோபமெல்லாம் போச்சாடி?” என்று கேட்டுக்கொண்டே வந்த நித்திலாவின் கண் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

“போச்சு. உக்காரு, டீ போடறேன்.”

ஒரு டீக்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று நல்ல மனசுக்காரி எவளும் எட்டிப் பார்த்திருப்பாள். நித்திலா எட்டிப் பார்க்கவில்லை. சமையலறையில் குழலி கொதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி புதுத்தண்ணீர் வைத்தாள்.

அந்த வடிவம் நித்திலாவின் பெயரில் பதிவானது. ‘சாய்வு’க்காக அவளுக்கு விருது கொடுக்கப்போகிறார்கள் என்றும், மேடைக்கு அந்தப் புது உடையில் வருவாள் என்றும் செய்தி வந்தது. அதே நாளில் குழலிக்கு ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. நல்லதாகப் போயிற்று, காத்திருப்புக் கூடத்தின் சுவரில் பெரிய திரை இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் கைபேசியில் கம்பெனிக்குப் புகாரை அனுப்பினாள். நித்திலா பதிந்த புது வடிவத்தில் உள்துணிக்கு அடியில் பாருங்கள் என்று ஒரே வரி. கம்பெனி ஏற்கும்வரை புகாரைத் திரும்பப் பெறலாம் என்று கீழே ஒரு பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது.

“தள்ளி உக்காருங்கக்கா,” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் ஒருத்தி. பெயர் ஜெயசீலி என்றாள். பேச்சுக்கு ஏங்கியவள்போல, கேட்காமலேயே ஆரம்பித்தாள். “உங்களுக்கும் இடது பக்கமா? எனக்கும் அதான். ஏங்க்கா இந்தப் பெட்டிக் குர்த்தாவை மாட்டிட்டுக் கஷ்டப்படறீங்க? இதைப் போடலாமில்ல?”

அப்போதுதான் குழலி கவனித்தாள். அவள் போட்டிருந்தது சாய்வு. தோளிலிருந்து இறங்கிய மடிப்பு, தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் அவ்வளவு இயல்பாகப் படிந்திருந்தது. பழைய படுக்கை விரிப்பில் அழுது அழுது கண்டுபிடித்த அதே படிவு.

“ரெண்டு வருஷமா நான் வீட்டை விட்டே வரலீங்க. சர்ச்சுக்குக்கூடப் போகல. இதைப் போட்டப்புறம்தான் வாசல் தாண்டினேன். இதை வரைஞ்ச மகராசி நல்லா இருக்கோணும்.”

குழலியின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அந்த மகராசி நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் நித்திலா ஒலிவாங்கி முன் வந்தாள். புது உடை பளபளத்தது. “எல்லாரும் கேக்கறாங்க, சாய்வு எப்படித் தோணிச்சுன்னு,” என்றாள் சிரித்துக்கொண்டே. “ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னேன். என் உடம்பே எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு.”

குழலி விரலை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருப்பவள் ஒருத்திதானே, இவளுக்கு நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வன்மம் போடுகிற கணக்கு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். பொத்தான் மங்கி மறைந்தது. கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது, பதிவகத்தின் அவிழ்ப்புக் கட்டளையும் கிளம்பிவிட்டது.

முதலில் நித்திலா உடையின் வலது கைத்துணி தோளிலிருந்து நழுவியது. அவள் சிரித்தபடியே அதைப் பிடித்தாள். அடுத்து முதுகு விட்டது, பிறகு இரு பக்கமும். அரங்கமே எழுந்து நின்றது. நித்திலா இரு கையாலும் மார்பை மூடிக்கொண்டு மேடையில் குந்தி உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் மேசைவிரிப்பை உருவிக்கொண்டு ஓடி வந்தார். குழலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான எதையும் ருசித்ததில்லை. நித்திலாவுக்காக அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு துளிகூட அவள் வருந்தவில்லை.

“அக்கா, என்னமோ ஆகுதுங்க்கா!”

ஜெயசீலியின் தோள் மடிப்பு விட்டுக்கொண்டிருந்தது. அவள் அள்ளிப் பிடிக்கப் பிடிக்க, துண்டுகள் மடியில் விழுந்தன. முன் பெஞ்சில் ஒருத்தி அலறினாள். மருந்து வாங்கும் வரிசையில் இன்னொருத்தி தரையில் உட்கார்ந்தாள். தூணோரம், கதவோரம், சக்கர நாற்காலியில். அந்தக் கூடத்தில் எத்தனை சாய்வு இருந்தது என்று குழலி அப்போதுதான் பார்த்தாள். அதை எல்லாரும் ஸ்டைலுக்காகப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். வெறுப்பில் முகம் திருப்பியே நடந்ததில் ஒருத்தியின் மார்பைக்கூட அவள் கவனித்ததில்லை. இப்போது கூடம் முழுக்கப் பெண்கள் ஒரு பக்கத்தை மட்டும் கையால் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்சுகள் போர்வைகளோடு ஓடி வந்தார்கள். குழலி தன் துப்பட்டாவை ஜெயசீலிமேல் போர்த்தினாள். மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“துண்டுகளைக் கலைக்காமக் குடுங்க. தையல்தான் போச்சு, துணி அப்படியே இருக்கு. வரைஞ்சு எடுத்துட்டா மறுபடி தைச்சுடலாம்.”

“எவளோ பொறாமை புடிச்சவ புகார் குடுத்திருக்காளாமா,” என்றாள் ஜெயசீலி, திரையில் ஓடிய செய்தியைப் படித்தபடி. “அவ நாசமாப் போயிருவா. யாருன்னு மட்டும் தெரியட்டும், சும்மா விடமாட்டேன்.”

குழலி தலை நிமிராமல் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் தாளில் வைத்தாள். முதுகு, வலப்பக்கம், கைகள். எதையும் திருப்பிப் பார்க்கவில்லை, அளந்து பார்க்கவில்லை. அதது அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஜெயசீலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க்கா, தையல் வேலை பாக்கறீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படி, எது எங்க வரும்னு தேடாமலே வெக்கிறீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சில் கிடந்த வாக்கியம் அது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக் கிடந்தது.

“இது என்னுது. என் உடம்புக்கு நான் வரைஞ்சது. அவ என்கிட்ட இருந்து திருடிட்டா.”

ஜெயசீலி திரையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் கிடந்த குழலியின் கைபேசியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் பக்கத்தில் கேட்ட சிரிப்பு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“அப்ப அந்தப் புகார்?”

குழலி கையை மட்டும் நீட்டினாள். இடப்பக்கத் துண்டு ஒன்றுதான் பாக்கி. ஜெயசீலி அதைத் துப்பட்டாவுக்குள் தழும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

“அதையும் குடுங்க. அது இல்லாம வடிவம் முழுசாகாது.”

ஜெயசீலி கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வை குழலிக்குப் புதிதல்ல. ஆறுச்சாமியின் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற நாளிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்து வந்ததுதான்.